அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின்: வால்வு, டேப்பட், ராக்கர் கோளாறுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் ஒரே ஓர் இன்ஜினைப் பற்றியது. உத்தரபாராவில் தயாரான அம்பாசடருக்குள் 1959 முதல் பொருத்தப்பட்ட, பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அது. அதே குடும்பத்து இன்ஜின்தான் இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் எம்ஜிஏ, எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஓடியது. ஆகவே அந்தக் கார்களின் பணிமனைக் கையேடுகள் நமக்கும் பெருமளவு உதவும். டீசல் அம்பாசடரோ, பின்னாளில் வந்த இசுசு இன்ஜின் அம்பாசடரோ வைத்திருப்பவர்களுக்கு இங்குள்ள அளவுகள் பொருந்தா. பிரீமியர் பத்மினிக்காரர்கள் சோதிக்கும் முறைகளை எடுத்துக்கொள்ளலாம். அளவுகளை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த இன்ஜினில் வால்வை இயக்கும் பாகங்கள் எவை?

கேம் ஷாஃப்ட் பிளாக்கினுள் இருக்கிறது. அதன் ஒவ்வொரு முனைப்பின் மீதும் கிண்ணம் போன்ற டேப்பட் ஒன்று உட்கார்ந்திருக்கும். டேப்பட்டின் மீது புஷ் ராடு, புஷ் ராடின் மீது ராக்கரின் ஒரு முனை, ராக்கரின் மறு முனைக்குக் கீழே வால்வு என்று வேலை கைமாறிச் செல்கிறது. ராக்கரின் நெம்பு விகிதம் ஏறக்குறைய 1.4 என்பதால், கேம் உயர்த்தும் தூரத்தைப்போல் 1.4 மடங்கு வால்வு திறக்கும். கேம் பக்கத்தில் ஏற்படும் தேய்மானமும் அதே மடங்கில் பெருகித்தான் வால்வில் வெளிப்படும்.

ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் எட்டு வால்வுகளும் எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட் என்ற வரிசையில் அமைந்திருக்கும். இதை ஒரு காகிதத்தில் எழுதி வால்வு கவரின் உட்புறம் ஒட்டி வைத்தவரை நான் பார்த்திருக்கிறேன். நல்ல யோசனைதான், காகிதம் எண்ணெயில் ஊறி உதிரும்வரை. நடுவிலுள்ள நான்காம், ஐந்தாம் எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே துவாரத்தின் வழியாகப் புகையை வெளியேற்றுகின்றன. அதனால் ஹெட்டிலேயே (பிளாக்கின் மேல் உட்கார்ந்து வால்வுகளைத் தாங்கும் பாகம்) அதிகச் சூடு வாங்கும் இடம் அதுதான். எரிந்த வால்வைத் தேடும்போது அங்கிருந்தே தொடங்குங்கள்.

இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

பெரும்பாலானோர் தவறவிடும் கட்டம் இது. ஹெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகு வால்வு இடைவெளி, அதாவது வால்வு மூடியிருக்கையில் ராக்கரின் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி, என்ற ஒன்றே கிடையாது. அதோடு அது சொல்லவிருந்த சாட்சியமும் போய்விடும். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு ஃபீலர் கேஜை (குறித்த தடிமனுள்ள மெல்லிய தகடுகளின் கட்டு) எடுத்து, எட்டு வால்வுகளின் இடைவெளியையும், எதையும் திருத்தாமல், இருப்பது இருக்கிறபடி குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி அளக்க வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காற்று கம்ப்ரஸர் கிடைத்தால் இன்னும் தெளிவான சோதனை ஒன்றுண்டு. அந்த சிலிண்டரின் பிஸ்டன் மேலே, இரு வால்வும் மூடிய நிலையில் இருக்க, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்திக் காதைக் கொடுங்கள். கார்பரேட்டரில் சீறல் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்ஸர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்குகள், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். காரை கியரில் நிறுத்தியிருந்தால் பிஸ்டன் கீழே தள்ளப்பட்டு வண்டி துள்ளக்கூடும். ஆகவே நியூட்ரலில் வைத்து, விசிறியின் அருகே கையை வைக்காதீர்கள்.

இடைவெளி குறைந்தால் என்ன பொருள், கூடினால் என்ன பொருள்?

முன்பு சரியாக வைத்த இடைவெளி தானாகக் குறைந்திருக்கிறது என்றால், வால்வு ஹெட்டுக்குள் மேலேறியிருக்கிறது என்று பொருள். சீட் (மூடிய வால்வு ஹெட்டில் உட்காரும் வளைய விளிம்பு) தேய்ந்து உள்வாங்கியிருக்கும், அல்லது சூட்டில் வால்வின் தண்டு நீண்டிருக்கும், அல்லது வால்வின் விளிம்பு நசுங்கியிருக்கும். இது சத்தமே இல்லாத கோளாறு. சொல்லப்போனால் இன்ஜின் முன்பைவிட அமைதியாக ஓடும், உரிமையாளர் மகிழ்ச்சியடைவார். ஒரு கட்டத்தில் வால்வு முழுவதும் மூடாது. சீட்டுக்குச் சூட்டைக் கடத்த முடியாமல் வால்வின் விளிம்பு எரியும்.

இடைவெளி கூடியிருந்தால் தேய்மானம் வால்வுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிறது. டேப்பட்டின் அடிப்புறம், புஷ் ராடின் முனைகள், ராக்கரின் புஷ் (ஷாஃப்ட்டின் மேல் சுழலும் உள்வளையம்), ராக்கரின் நுனி, சரிசெய்யும் திருகின் குமிழ் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும், அல்லது புஷ் ராடு வளைந்திருக்கும், அல்லது வெறுமனே லாக் நட் தளர்ந்திருக்கும். இது சத்தம் போடும். ஆனால் சத்தம் போடும் வால்வைவிடச் சத்தம் போடாத வால்வுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

ஒரு தேய்மானம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. கேம் முனைப்பின் உச்சி தேய்ந்தால் இடைவெளி மாறவே மாறாது. ஏனெனில் நாம் இடைவெளியை அளப்பது டேப்பட் கேமின் வட்டமான அடிப்பகுதியில் நிற்கும்போது. அதைக் கண்டுபிடிக்க டயல் கேஜ் (மிகச் சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) வேண்டும். இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வால்வின் ஸ்பிரிங் தலையிலும் டயல் கேஜை நிறுத்தி, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றி, வால்வு எவ்வளவு இறங்குகிறது என்று எழுதுங்கள். நான்கு இன்லெட்டும் தமக்குள் ஒத்துப்போக வேண்டும், நான்கு எக்ஸாஸ்ட்டும் தமக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கினால் அந்தக் கேம் முனைப்பு போய்விட்டது. அதன் மேலிருக்கும் டேப்பட்டும் போயிருக்கும்.

இடைவெளியைச் சரியாக வைத்தும் டேப்பட் சத்தம் நிற்கவில்லை. ஏன்?

பழைய ராக்கர்களில் இது சர்வசாதாரணம். ராக்கரின் நுனி வால்வுத் தண்டின் மேல் அறுபது ஆண்டுகள் தட்டித் தட்டி ஒரு சிறு குழியை உண்டாக்கியிருக்கும். ஃபீலர் கேஜின் தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் இரு கரைகளுக்கும் பாலம்போல நிற்கும். நீங்கள் 15 தவ் வைத்ததாக நினைப்பீர்கள். குழியின் ஆழத்தையும் சேர்த்தால் உண்மையில் 20 தவ்வாக இருக்கும். (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் பட்டறைகளில் தவ் என்கிறார்கள்; 0.0254 மி.மீ.) ராக்கரைக் கழற்றி நுனியை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள், நகம் தடுக்கும். லேத் பட்டறையில் மிக மெல்லியதாகத் தேய்த்து வளைவை மீட்கலாம். ஆனால் மேற்பரப்பின் கடினம் செய்யப்பட்ட பகுதி மெல்லியது, அதைத் தாண்டித் தேய்த்தால் ஒரு வருடத்தில் குழி திரும்பி வரும். அதற்கு மேல் தேய்ந்ததை மாற்றுவதே சரி.

நுனி நன்றாக இருந்தால் ராக்கரை ஷாஃப்ட்டின் மீது மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எண்ணெய் வடிந்த பிறகு கைக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் புஷ்ஷோ ஷாஃப்ட்டோ தேய்ந்திருக்கிறது. 5/8 அங்குல விட்டமுள்ள அந்த ஷாஃப்ட் எப்போதும் அடிப்பக்கத்தில்தான் தேயும், ஏனெனில் வால்வு ஸ்பிரிங்கின் விசை ராக்கரை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலிருந்து பார்க்கையில் புதிதுபோல் பளபளக்கும் ஷாஃப்ட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு ராக்கர் நின்ற இடத்திலும் ஒரு படிக்கட்டு தெரியும். புஷ் மட்டும் மாற்றிவிட்டு அந்த ஷாஃப்ட்டையே திரும்பப் போடுவது வீண்செலவு. அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடும் யோசனையும் வேண்டாம். எண்ணெய்த் துளைகள் தவறான பக்கத்துக்குப் போய்விடும்.

எந்த வால்வு சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிக்க, இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வொரு ராக்கர் நுனிக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலர் தகட்டை நுழையுங்கள். தகடு நுழைந்ததும் சத்தம் அடங்கினால் குற்றவாளி அதுவே. எதிலும் அடங்காவிட்டால் சத்தம் ராக்கரிலிருந்து வரவில்லை. நீளமான திருப்புளியின் நுனியை பிளாக்கின் டேப்பட் கவர் மீது வைத்துக் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். தளர்ந்த டைமிங் செயினும் டேப்பட் போலவே பேசும், ஆனால் அது முன்புறத்தில், பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டரை விடும்போது கேட்கும்.

இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்? சூட்டிலா, குளிர்ந்த நிலையிலா?

ஒரே குடும்பத்துக்குள்ளேயே அளவு மாறுகிறது. எம்ஜிஏ 1500 கையேடு சூடான நிலையில் 0.017 அங்குலம் (0.43 மி.மீ.) என்கிறது, எம்ஜிபி கையேடு குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம் (0.38 மி.மீ.) என்கிறது. அளவு கேம் ஷாஃப்ட்டைப் பொறுத்தது, ஹெட்டைப் பொறுத்ததல்ல; ஆகவே உங்கள் காரின் கையேட்டில் உள்ளதையே வையுங்கள், கேமை மாற்றியிருந்தால் கேமோடு வந்த தாளில் உள்ளதை வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு தவ் கூடுதலாக வைப்பது ஒரு தவ் குறைவாக வைப்பதைவிட நல்லது.

அளக்கும் வரிசைக்கு ஒன்பதின் கணக்கு போதும். அளக்கவேண்டிய வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வரும் எண்ணுள்ள வால்வு முழுவதும் திறந்திருக்க வேண்டும். எட்டாவது முழுவதும் திறந்திருக்கையில் முதலாவது, ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவது, நான்காவது திறந்திருக்கையில் ஐந்தாவது, ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவது என்று போனால் இன்ஜினை வீணாகச் சுழற்ற வேண்டியிருக்காது.

ராக்கர் அசெம்பிளியை மட்டும் கழற்றினேன். பிறகு எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. என்ன நடந்தது?

ராக்கர் ஷாஃப்ட்டைத் தாங்கும் பெடஸ்டல்களைப் பிடித்திருக்கும் எட்டு நட்டுகளில் நான்கு ஹெட்டையும் சேர்த்தே பிடித்திருக்கின்றன. அந்த நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட்டின் ஒரு பக்கம் தளர்ந்து, மறுபக்கம் இறுகியே நிற்கும். ஹெட் கோணலாகும், கேஸ்கெட்டின் பிடி விடும், ரேடியேட்டரில் நின்ற தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ எண்ணெய்க்குள்ளோ வழி தேடிக்கொள்ளும். ராக்கரைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை வடியுங்கள், பின்பு ஹெட்டின் எல்லா நட்டுகளையும் கையேட்டில் உள்ள வரிசைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஏற்கெனவே தண்ணீர் கலந்துவிட்டால் இன்ஜினை ஓட்டாதீர்கள். எண்ணெயை வடித்து, புதிய ஹெட் கேஸ்கெட் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

புஷ் ராடை உருவும்போது டேப்பட்டும் சேர்ந்து மேலே வருகிறதே?

எண்ணெயின் ஒட்டுதலால் அப்படி வரும். பாதி வழியில் ஒட்டு விட்டு டேப்பட் தன் குழியிலிருந்து விலகி விழுந்தால், பிளாக்கின் பக்கவாட்டுக் கவரைத் திறந்தே எடுக்க வேண்டியிருக்கும். புஷ் ராடை நேராக இழுக்காமல் சற்றுச் சாய்த்து, பக்கவாட்டில் மெல்லத் தட்டி ஒட்டை விடுவித்த பிறகு தூக்குங்கள். எட்டையும் ஓர் அட்டைப் பெட்டியில் துளையிட்டு எண் போட்டு நிறுத்துங்கள். டேப்பட்டுகளுக்கும் அப்படியே, ஒரு கேம் முனைப்போடு பழகிய டேப்பட்டை இன்னொன்றின் மேல் வைப்பது இரண்டையும் கெடுக்கும்.

கண்ணாடித் தகட்டின்மேல் புஷ் ராடை உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள்; அது ஏன் வளைந்தது என்பதையும் தேடுங்கள். பல ஆண்டுகள் ஷெட்டில் நின்ற காரில், தண்டு துருப்பிடித்துக் கைடுக்குள் (தண்டு ஏறி இறங்கும் குழல்) இறுகிய வால்வு ஒன்று அநேகமாகக் காரணமாக இருக்கும். அத்தகைய காரை முதன்முதலில் உயிர்ப்பிக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன், வால்வுத் தண்டுகளில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, கையால் சுழற்றி எட்டும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

இன்ஜினை மறுபடி கட்டிய பின் ராக்கருக்கு எண்ணெய் ஏறவில்லை. எங்கே தேடுவது?

எண்ணெய் கேம் ஷாஃப்ட் பேரிங்கிலிருந்து புறப்பட்டு, பிளாக்கிலும் ஹெட்டிலும் உள்ள துளைகளின் வழியே ஏறி, ஒரு பெடஸ்டலின் உள்ளாக ராக்கர் ஷாஃப்ட்டின் வெற்றுக் குழலுக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஒவ்வொரு ராக்கருக்கும் ஒரு துளை. இந்தப் பாதையில் எந்தத் துளை அடைபட்டாலும் மேலே வறட்சிதான்.

மேலிருந்து கீழாகத் தேடுங்கள், ஏனெனில் மேலே உள்ளவை மலிவானவை. ஷாஃப்ட்டின் முனையிலுள்ள திருகு அடைப்பைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள்; பல பத்தாண்டுக் கசடு கரித்தூளைப் போல் வரும். ஷாஃப்ட்டை நிலைநிறுத்தும் சிறு ஸ்குரூ அதற்குரிய பெடஸ்டலில்தான் இருக்கிறதா, பெடஸ்டல்கள் இடம் மாறிவிட்டனவா என்று பாருங்கள். புதிய புஷ் போட்டிருந்தால் புஷ்ஷின் துளையும் ராக்கரின் துளையும் நேராக நிற்கின்றனவா? ஹெட் கேஸ்கெட்டில் எண்ணெய்த் துளை இருக்கிறதா, அது தலைகீழாகப் போடப்படவில்லையா?

இத்தனையும் சரியாக இருந்தும் எண்ணெய் வரவில்லை என்றால் செய்தி கெட்டது. என் முதல் இன்ஜினில் நடந்தது அதுதான். பிளாக்கை ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் கேம் பேரிங்குகளைப் புதிதாக மாற்றினேன். திரும்பி வந்ததை வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டேன். முழுவதும் கட்டி, வர்ணம் பூசி, காரில் இறக்கி ஓட்டியபோது பத்து நிமிடத்தில் ராக்கர்கள் காய்ந்து கீச்சிட்டன. பிரித்துப் பார்த்தால் ஒரு பேரிங் சில மி.மீ. சுழன்று பதிக்கப்பட்டு, அதன் துளை பிளாக்கின் துளையைப் பாதி மூடியிருந்தது. பட்டறைக்காரர் செய்தது தவறுதான். பென்சில் டார்ச்சும் மெல்லிய கம்பியும் கொண்டு அரை நிமிடத்தில் சோதிக்கக்கூடியதை நான் சோதிக்காதது அதைவிடப் பெரிய தவறு. அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் கம்பி விட்டு, மறுமுனையில் அது எட்டிப்பார்த்த பிறகே கேமைச் செருகுகிறேன். புது இன்ஜினை முதலில் ஓட்டும்போது வால்வு கவரைப் போடாமல், பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, எட்டு ராக்கரிலும் எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்த்த பின்னரே பிளக் போடுகிறேன்.

வால்வுகளை லேப்பிங் செய்து பொருத்திய பிறகும் கம்ப்ரஷன் வரவில்லை. காரணம் என்ன?

வரிசை தவறியிருக்கும். முதலில் கைடு, அடுத்து சீட், கடைசியில்தான் லேப்பிங் (பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டின்மேல் உருட்டித் தேய்ப்பது). கைடு தேய்ந்திருந்தால் வால்வு ஒவ்வொரு முறையும் வேறுவேறு இடத்தில் உட்காரும். அந்த நிலையில் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி மணிக்கணக்கில் உருட்டினாலும் வட்டமான பதிவு கிடைக்காது. வால்வைச் சீட்டிலிருந்து சற்றுத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் தண்டுக்கு இன்லெட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் ஆட்டம் இயல்பு, சூட்டில் விரிய அதற்கு இடம் வேண்டும். தலை வெளிப்படையாகத் தள்ளாடுவது இயல்பல்ல. பழைய கைடைத் தட்டி எடுப்பதற்கு முன் அது ஸ்பிரிங் இருக்கைக்கு மேல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து எழுதிவிடுங்கள், புதியதையும் அதே உயரத்தில் நிறுத்த வேண்டும்.

சீட்டின் கோணம் 45 பாகை. வெட்டிய பிறகு அதன் அகலம் இன்லெட்டில் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ., எக்ஸாஸ்ட்டில் இரண்டு மி.மீ.க்கு மிகாமல் இருந்தால் நல்லது. அகலமான சீட்டில் அழுத்தம் பரவிப்போய்க் கரித்துகள் சிக்கும்; மிகக் குறுகிய சீட்டில் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்க முடியாது. லேப்பிங் என்பது பதிவைச் சரிபார்க்கும் வேலை, சீட்டை உருவாக்கும் வேலை அன்று. சாம்பல் நிற வளையம் அறுபடாமல் வந்ததும் நிறுத்திவிடுங்கள், பேஸ்ட்டை மண்ணெண்ணெயால் ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவுங்கள்.

ஹெட்டைப் பொருத்துவதற்கு முன், ஸ்பிரிங்குகளுடன் வால்வுகளைக் கட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்குகளை மாட்டி, எரி அறைகளில் மண்ணெண்ணெய் நிரப்பி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். போர்ட்டுகளின் உள்ளே ஈரம் தெரியாவிட்டால் உங்கள் வேலை முடிந்தது.

புதிதாகக் கட்டிய இன்ஜின் காலையில் நீலப் புகை விடுகிறது. ரிங்குதானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. இரவு முழுவதும் நின்ற கார், ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெரும் புகை விட்டு அடங்கினால், அல்லது நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கையில் புகைத்தால், எண்ணெய் வால்வு கைடின் வழியாக இறங்குகிறது. இந்த இன்ஜினில் இன்றைய கார்களைப் போன்ற தொப்பி சீல் கிடையாது. ஸ்பிரிங் தலையைத் தண்டோடு பிடித்திருக்கும் வால்வு லாக்குகளுக்குக் கீழே, ஸ்பிரிங் தலையின் உட்புறம், தண்டைச் சுற்றி ஒரு சிறிய ரப்பர் வளையம் மட்டுமே இருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்த நிலையில் அந்த வளையத்தைத் தண்டின்மேல் ஏற்றி, அதன்பிறகு லாக்குகளை வைக்க வேண்டும். ஸ்பிரிங்கைப் போடும் முன்பே வளையத்தைத் தண்டில் கோர்த்தால் அது கீழே தள்ளப்பட்டு முறுக்கிக்கொள்ளும். அதன்பின் அது இருந்தும் இல்லாததே. பழைய வளையத்தைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. புதியதை எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு சீட் கெடுமா?

கெடும், ஆனால் ஓட்டும் விதத்தைப் பொறுத்து. இந்த ஹெட்டில் சீட்டுகள் வார்ப்பிரும்பிலேயே நேரடியாக வெட்டப்பட்டவை. பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சிவக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் வால்வு இரும்போடு ஒட்டிப் பிய்க்காமல் காத்தது. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. நகருக்குள் நிதானமாக ஓடும் கார்களில் பழைய சீட் பல்லாண்டு தாங்குவதைப் பார்க்கிறோம். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வேகமாக ஓடும் காரில் எக்ஸாஸ்ட் இடைவெளி மட்டும் தொடர்ந்து குறையும். அந்த அறிகுறி தெரிந்தால், அல்லது ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறது என்றால், நான்கு எக்ஸாஸ்ட்டுக்கும் கடினமான சீட் வளையம் பதித்துவிடுங்கள். இன்லெட்டுக்குத் தேவையில்லை, புதிதாக வரும் கலவையே அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர்ப் பாதைக்கு அருகே வெட்டுவதால், பதித்த பிறகு ஹெட்டை அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் கலவையைச் சற்று மெலிதாக்குகிறது, அதனால் எக்ஸாஸ்ட் வால்வு கூடுதலாகச் சூடாகும். கார்பரேட்டர் ஜெட்டை அதற்கேற்பத் திருத்தாமல் வால்வை மட்டும் குறைசொல்ல முடியாது.

புதிய கேம் ஷாஃப்ட் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துவிட்டது. போலியான பொருளா?

போலியாகவும் இருக்கலாம், முதல் இருபது நிமிடத்தில் நாம் கெடுத்ததாகவும் இருக்கலாம். டேப்பட்டின் அடிப்பாகம் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மிகச் சிறிது குவிந்திருக்கும். அதனால்தான் அது ஓடும்போது தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு தேய்மானத்தைப் பகிர்கிறது. சுழலாத டேப்பட் ஒரே கோட்டில் உரசி, கேமையும் தின்று தானும் குழிந்துபோகும். பழைய டேப்பட்டின் அடியில் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்: நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது குழிந்துவிட்டது. புதிய கேமின்மேல் பழைய டேப்பட்டை ஒருபோதும் போடாதீர்கள்.

பொருத்தும்போது கேம் முனைப்புகளிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுங்கள். இக்னிஷன், கார்பரேட்டர், தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், ஏனெனில் இன்ஜின் பற்றியதும் ஐட்லிங்கில் விடாமல் 2000 முதல் 2500 சுற்றுக்கு உயர்த்தி இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். கேமுக்கும் டேப்பட்டுக்கும் எண்ணெய் பெரும்பாலும் கிராங்கிலிருந்து தெறித்தே வருகிறது. மெதுவான ஓட்டத்தில் தெறிப்பு போதாது. ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை ஸ்டார்ட்டரால் விடாமல் சுழற்றிக்கொண்டே இருப்பது பூசிய பேஸ்ட்டைத் துடைத்தெடுக்கும் வேலை.

எண்ணெயைப் பொறுத்தவரை, துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சேர்க்கைப்பொருள்தான் இங்கே காவல். இன்றைய மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு இருக்கிறது. 20டபிள்யூ-50 போன்ற தடித்த வகைகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது. ஆகவே கடைக்காரர் நவீனமானது என்று 5டபிள்யூ-30 கொடுத்தால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

ஹெட்டை மட்டப்படுத்திய பிறகு சரிசெய்யும் திருகில் மரையே மிஞ்சவில்லை. என்ன செய்வது?

ஹெட்டிலும் பிளாக்கிலும் சீவிய அளவுக்கு ராக்கர் ஷாஃப்ட் கேமை நோக்கி இறங்கியிருக்கிறது. புஷ் ராடு மட்டும் பழைய நீளத்தில் நிற்கிறது. சீட்டை ஆழமாக வெட்டியிருந்தால் வால்வுத் தண்டும் மேலே நீண்டிருக்கும். சிறிய வித்தியாசத்துக்குப் பெடஸ்டல்களின் அடியில் ஒரே தடிமனான ஷிம் தகடுகளை வைக்கலாம், ஆனால் எண்ணெய் ஏறும் பெடஸ்டலின் ஷிம்மில் துளை இருக்க வேண்டும். பெரிய வித்தியாசத்துக்குக் குட்டையான புஷ் ராடே முறை. எதைச் செய்தாலும், வால்வு பாதி திறந்த நிலையில் ராக்கரின் நுனி தண்டின் நடுவில் தொடுகிறதா என்று மார்க்கர் மை பூசிச் சரிபாருங்கள். ஓரத்தில் தொட்டால் அது தண்டைப் பக்கவாட்டில் தள்ளிப் புதிய கைடைத் தின்றுவிடும்.

எல்லாம் கட்டியாயிற்று; ஸ்டார்ட் ஆகாமல் கார்பரேட்டரில் வெடிக்கிறது. கேம் டைமிங் தவறா?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுற்று மாறி நிற்கிறதா என்று பாருங்கள். இரு டைமிங் சக்கரங்களின் புள்ளிகளும் எதிரெதிரே நேர்க்கோட்டில் நின்றால் கேம் சரி. ஆனால் அந்த நேரத்தில் முதல் சிலிண்டர்தான் எரியப்போகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வால்வுகளைக் கேளுங்கள்: நான்காம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இரண்டும் ஒன்றாக அசையும் கணத்தில் முதல் சிலிண்டர் எரியும் நிலையில் இருக்கிறது. ரோட்டார் அப்போது முதல் பிளக்கின் கம்பியை நோக்க வேண்டும், மற்றவை 1-3-4-2 வரிசையில். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலுள்ள பல் ஓரச்சாய்வானது என்பதால் அது ஒரே விதமாகத்தான் உட்காரும். ஆனால் அதைச் சுழற்றும் கியர் தண்டை எந்தப் பல்லிலும் செருகிவிட முடியும், தவறு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

கட்டி முடித்த பின் மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

முதல் ஓட்டத்துக்குப் பின் இன்ஜின் ஆறியதும் ஹெட் நட்டுகளை வரிசைப்படி ஒருமுறை சரிபார்த்து, இடைவெளியை மறுபடி வையுங்கள். நட்டு இறுகியதால் இடைவெளி மாறியிருக்கும். பிறகு 500 கிலோமீட்டரில் ஒருமுறை, 1500-இல் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் திருத்துவதற்கு முன் இருந்த அளவைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதுங்கள். நான்காம், ஐந்தாம் வால்வுகளின் எண்கள் மூன்று முறையும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் மீண்டும் மேசைக்கு வர வேண்டும். அவை நின்ற இடத்திலேயே நின்றால், வால்வு கவரின் கார்க் கேஸ்கெட்டை மட்டும் புதிதாக வைத்து, அதன் நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்காமல் மூடிவிடலாம்.